கொடுக்காத குரல்

"வேலிக் கம்பிய அவுத்தது நான்தான்டா. நாளைக்கும் அவுப்பேன். என்ன பண்ணுவே?"

"என் காட்டுக்குள்ள உனக்கு என்னக்கா வேலை? ரோடு போட்டிருக்குது, பஸ் வருது. அதுல போ."

"பஸ்ஸுல ஏறுனா எனக்குக் குமட்டும்னு தெரியாதா? அப்பன் நடந்த தடம்டா இது. உன் கெழங்குக்காவ அடைச்சுப்போடுவியா?"

அக்கா கண்ணாயி, தம்பி அண்ணாமலை. அன்று எங்கள் தெருவில் பாதி வீட்டு அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. வேலிக்கு இந்தப் பக்கம் அத்தனை பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் ஊரிலிருந்து வாசலூர்பட்டிக்குப் போகும் ஒற்றையடித் தடம் அது. அண்ணாமலையின் குச்சிக்கிழங்குக் காட்டை நடுவே பிளந்துகொண்டு போகும். ரோடு வந்த பிறகு எல்லோருக்கும் பைக்கும் பஸ்ஸும் ஆகிவிட்டன. வாசலூர்பட்டியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வாரம் தவறாமல் நடந்தவள் கண்ணாயியக்கா ஒருத்திதான்.

மூடுபனியை நாங்கள் மஞ்சு என்போம். அது இறங்கினால் மலையில் நீட்டிய கை தெரியாது. அப்போது தடத்தில் வருகிறவர் "ஓ...ய்" என்று நீளமாகக் குரல் விடுவார். காட்டில் இருப்பவர் "இங்கதான் இருக்கேன்" என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். அந்தத் திசையைப் பிடித்து நடந்தால் தடம் தப்பாது. எவ்வளவு பகையிருந்தாலும் பதில் குரலை மறுப்பதில்லை. அதிலும் அண்ணாமலை காட்டோரத்தில், தடம் திரும்பும் இடத்தில், பெரிய பள்ளம் ஒன்று உண்டு.

சண்டைக்கு அடுத்த வாரம், ஐப்பசி மஞ்சில், கண்ணாயியக்கா அந்தப் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனாள்.

"நான் காட்டுல இல்லீங்க, சந்தைக்குப் போயிருந்தேன்" என்றார் அண்ணாமலை.

சந்தை கூடாத கிழமையில் சந்தைக்குப் போனவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். இழவு வீட்டில் அதைக் கேட்க முடியுமா? குழாயடியில் மட்டும் பேசிக்கொண்டோம்.

காரியம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் மஞ்சு இறங்கியது. முதலில் சில்வர் ஓக் மரங்கள் காணாமல் போயின, பிறகு வேலி, பிறகு கொடியில் காய்ந்த என் சேலை. ஈர மண்ணும் அழுகின கிழங்குத் தோலும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறியது. துணியைத் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஓ...ய்."

தடத்திலிருந்து வந்தது. பழக்கம் பாருங்கள், "இங்கதான் இருக்கேன்" என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

யாரும் வரவில்லை.

"ஓ...ய்."

எதிர் வீட்டில் பதில் கொடுத்தார்கள். கோடி வீட்டிலும் கொடுத்தார்கள். குரல் நகரவேயில்லை. நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டது.

அண்ணாமலை வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே டிவி சத்தம் கூடியது. சமையல் நிகழ்ச்சி. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதருக்கு அன்றைக்குப் பார்த்துச் சமையலில் அப்படி ஓர் ஈடுபாடு.

அதன் பிறகு மஞ்சு வந்தபோதெல்லாம் குரலும் வந்தது. ஊரே மாற்றி மாற்றிப் பதில் கொடுத்துப் பார்த்தது. எதுவும் அதற்கு ஒத்துவரவில்லை. கடைசியில் நாங்கள் பதில் கொடுப்பதை விட்டுவிட்டு அண்ணாமலையின் கதவையே பார்க்கத் தொடங்கினோம். அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்தினார். எதிரே ஆள் வந்தால் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்துகொள்வார்.

இந்த நிலையில்தான் அவர் மகள் கோகிலாவை உறுதி செய்ய வாசலூர்பட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கார்த்திக்கு அங்கே ஏரிப் படகுத்துறையில் வேலை. அவன் அப்பா மாணிக்கம் மரியாதை தெரிந்த மனிதர். நல்ல இடம், இது நழுவினால் வேறு வராது என்று அண்ணாமலை வீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். காபி டம்ளர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா என்று நானும் போயிருந்தேன்.

தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நேரம், வாசலில் வெளிச்சம் குறைந்தது. மஞ்சு படியேறி உள்ளே வந்தது.

"ஓ...ய்."

மாணிக்கம் உட்கார்ந்தபடியே பதில் குரல் கொடுத்தார்.

"ஓ...ய்."

"ஏனுங்க, யாரோ தடந் தெரியாம நிக்கறாங்க. காட்டுக்காரர் நீங்க, ஒரு குரல் குடுங்க."

"அது காத்துங்க."

"காத்துக்குத் தொண்டை இருக்குதுங்களா?"

சமையலறை வாசலில் பட்டுச் சேலையோடு நின்ற கோகிலா மெதுவாகச் சொன்னாள்.

"குடுங்கப்பா. அது அத்தைங்கப்பா."

அண்ணாமலை எழுந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"இங்கதான் இருக்கேன்."

குரல் நின்றது.

கிழங்குச் செடிகள் ஒன்றோடொன்று உரசின. யாரோ விலக்கிக்கொண்டு வருவது போல.

ஈரக்கால் சத்தம்.

கண்ணாயியக்கா மெல்லும் புகையிலை வாடை.

வாசலில் யாரும் இல்லை. ஆனால் படிக்குக் கீழிருந்து, சத்தம் போடாமல், விட்ட பேச்சைத் தொடர்வது போலக் கேட்டது.

"தெரியுந் தம்பி. அன்னைக்கே நீ இருமுனது கேட்டுச்சு."

அவ்வளவுதான்.

பயந்திருந்தால் ஓடியிருப்போம். அடுத்தவர் வேட்டி அவிழ்ந்ததைப் பார்த்துவிட்டவர்கள் போல எல்லோரும் தரையைப் பார்த்தோம். மாணிக்கம் தாம்பூலத் தட்டை மாற்றாமல் கீழே வைத்தார். ஒரு இருமலைப் பிடித்துக்கொண்டு மஞ்சில் ஒரு பொம்பளை எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று அவர் யோசித்திருப்பார். நானும் அதைத்தான் யோசித்தேன். வந்தவர்கள் ரோட்டு வழியாகத் திரும்பிப் போனார்கள்.

தை மாதம் கார்த்தி தானாகவே பைக்கில் வந்து கோகிலாவைக் கூட்டிப்போய்க் கோயிலில் தாலி கட்டினான். நல்ல பையன். மாமனார் காலில் மட்டும் விழவில்லை. அண்ணாமலை காட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மனைவியோடு மலையிறங்கிப் பேளுக்குறிச்சிக்குக் குடிபோனார்.

போன வாரம் அங்கிருந்து மிளகு எடுக்க வந்த வியாபாரி பக்ருதீன் பாய் அவரைப் பற்றிச் சொன்னார்.

"அவருக்குப் பேச்சு நின்னு போச்சுங்க. தொண்டையில ஒண்ணுமில்லைங்கறாரு டாக்டர். கையக் காட்டித்தான் டீ கேக்கறாரு."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மஞ்சு இறங்கியது. கண்ணாயியக்காவின் குரல் இப்போதெல்லாம் கேட்பதில்லை. புதர் மண்டிய அந்தக் காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல், யாரும் கூப்பிடாமலே, "இங்கதான் இருக்கேன்" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னது.

பக்ருதீன் பாயின் கை தராசில் அப்படியே நின்றது. வருஷக்கணக்காக மிளகுக்குப் பேரம் பேசிப் பழகிய குரல். யாருடையது என்று அவர் எங்களிடம் கேட்கவில்லை. மூட்டைகளைப் பாதியில் விட்டு வண்டியை எடுத்தார்.