அழுத்தாமல் அடித்த மணி

குசினிக்குள் மணி கீச்சிட்டபோது டிலோஜினியின் கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. அதைச் சுளகில் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்தபடி அம்மாவின் அறைக்கு ஓடினாள். அம்மா நல்ல நித்திரை. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அசைக்க வழங்குகிற ஒரே கையான வலக்கை நெஞ்சின்மேல் மடிந்து கிடந்தது. மணியை அடிக்கிற பட்டன் தலையணைக்கு அந்தப் பக்கம், காலையில் இவள் வைத்த இடத்திலேயே இருந்தது.

குசினியில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு, யாரோ விரலை எடுத்ததுபோல நின்றது.

மன்னார்க் கரையோர ஊரான தாழ்வுபாட்டில் அது சோளகக் காற்றுக் காலம். பகல் முழுக்கப் பனைகளைப் பிடித்து உலுக்கி, கூரைத் தகரத்தைத் தட்டி, கடற்கரை மணலையும் கருவாட்டு மணத்தையும் அள்ளிவந்து வீட்டுக்குள் கொட்டுகிற காற்று. அம்மா றஞ்சிதா மாசியில் மீன் காயப்போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே சரிந்தவள். பாரிசவாதம். இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. குரல் இருந்தது, ஆனால் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும். அந்தக் காற்றில் அறையிலிருந்து குசினிக்கு அது எப்படி வந்து சேரும்? ஒருநாள் அம்மா அரை மணித்தியாலமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒருவரும் வராமல், படுக்கையை நனைத்துவிட்டு அழுதுகொண்டு கிடந்தாள். அன்றைக்குத்தான் டிலோஜினி மணி செய்ய முடிவெடுத்தாள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. மன்னார் ரவுனில் போன் திருத்துகிற, அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற ஜவாஹிரின் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நீல நிற மின்சுற்றுப் பலகையைக் கண்டிருந்தாள். உள்ளங்கை அளவுதான். "இது ஒரிஜினல் இல்லை தங்கச்சி, கொப்பி. பழகுறதுக்கு இது காணும்," என்று சொல்லித் தந்தார். கணினி இல்லை. உடைந்த திரையுள்ள தன் போனை ஒரு சின்னக் கேபிளால் அதில் கொழுவி, போனிலேயே நிரல் எழுதினாள். முதல் நாள் பலகையின் ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று, அவள் சொன்னபடி, ஒரு செக்கன் எரிந்து ஒரு செக்கன் அணைந்தது. அவள் குசினித் தரையில் இருந்து தனியே சிரித்தாள். அடுத்த கிழமை பழைய ரெலிபோன் வயரை அம்மாவின் கட்டிலிலிருந்து குசினி வரைக்கும் இழுத்தாள். அந்த முனையில் பட்டன், இந்த முனையில் பழுதான மெசினொன்றிலிருந்து கழற்றிய கீச்சு மணி. அம்மா முதல்முறை அழுத்தியபோது மணி கேட்டு, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள்.

அந்த மணிதான் இப்போது அழுத்தாமல் அடித்தது.

ஜவாஹிர் நானாவுக்குப் போன் எடுத்தாள். அவர் சிரித்தார். "பயப்பிடாதீங்க. எல்லாருக்கும் முதல்ல நடக்கிறதுதான். பட்டன் அழுத்தாத நேரம் அது பூட்டியிருக்கிற பலகைக் கால் எதிலயும் பிடிப்பில்லாம நிக்குது. கொண்டி போடாத கதவு மாதிரி. உங்கட வயரும் நீளம், அது காத்தில இருக்கிற கரண்டையெல்லாம் இழுக்கும். நிரல்ல ஒரு சொல்லை மாத்தினா அந்தக் கால் உள்ளுக்கயே இறுகி நிக்கும்."

"அப்ப ஆரும் அழுத்தாமலே அழுத்தினமாதிரித் தெரியுமோ நானா?"

"ஓம். அதுக்குத் தெரியாது தானே, தொட்டது ஆரெண்டு."

ஒரு சொல்லை மாற்றினாள். மணி அடங்கியது. தன் கையாலேயே பிழை திருத்திய பெருமையில் அன்றைக்கு அம்மாவுக்கு மீன் சொதி வைத்து, முள் பார்த்து, ஊட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு மணி அடிக்கவேயில்லை. ஒருநாள் போனது, இரண்டு நாள் போனது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நல்லதுதானே என்று முதலில் நினைத்தாள். பிறகு ஒரு மத்தியானம், முகம் துடைக்கத் துணியோடு போனவள், அம்மாவின் உதட்டைப் பார்த்து நின்றாள். உதடு வெடித்திருந்தது. வெடிப்புகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

காற்று என்று சொல்லிக்கொண்டாள். சன்னலில் படிகிற உப்பு உதட்டில் படியாதா?

"தண்ணி விடாய்க்குதோ அம்மா? மணி அடிச்சிருக்கலாமே."

அம்மா உதட்டை அசைத்தாள். டிலோஜினி காதைக் கொண்டுபோனாள்.

"நான் அடிக்க முதலே நீ வந்திடுறாய் தானே, பிள்ளை."

"நானோ?"

"வந்து தண்ணி பருக்கிறாய்." மூச்சு வாங்கினாள். "குடிக்கக் குடிக்க விடாய் கூடுது. நீ ஏன் என்னோட கதைக்கிறாயில்லை? கோவமே?"

டிலோஜினி சட்டென்று நிமிர்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலுமாரி. கதிரை. சுவரில் திருஇருதயப் படம். சன்னல் சீலை காற்றுக்கு வயிறு ஊதி, பிறகு ஒட்டி, பிறகு ஊதியது. வேறொன்றும் இல்லை.

மூளையில் அடிபட்டவர்களுக்கு இப்படி மாறாட்டம் வரும் என்று ஆஸ்பத்திரியில் முன்னமே சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கிறேஸ் அக்காவும் அதைத்தான் சொன்னா. அன்று பின்னேரம் முழுக்க வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து செபமாலை சொன்னா. ஒன்றும் நடக்கவில்லை. போகும்போது, "நீயும் நித்திரை கொள்ளு பிள்ளை, கண் உள்ளுக்க போயிட்டுது," என்றா.

ஆனால் கிறேஸ் அக்கா போன பிறகு கட்டிலடிச் சீமெந்துத் தரையைத் துடைத்தபோது துணியில் ஈரமணல் ஒட்டியது. வீட்டுக்குள் காற்றுக் கொண்டுவருகிற மணல் காய்ந்த மணல். இது கறுப்பு. அலை திரும்பும் இடத்தில் காலை வைத்தால் விரலிடுக்கில் ஏறுகிற மணல்.

அப்பா றெனால்ட் தலைமன்னாரில் மீன்பிடி வாடியில் நின்றார். போன் எடுத்து, "அப்பா, நீங்கள் வாங்கோ," என்றாள். காரணம் கேட்டார். "அம்மாவுக்குச் சுகமில்லை," என்றாள். நாளைக்குக் கரைக்கு வந்ததும் வெளிக்கிடுவதாகச் சொன்னார்.

அவளிடம் இன்னொரு சாமான் இருந்தது. தூரம் அளக்கிற கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, முன்பக்கம் இரண்டு வட்டக் கண். காதுக்குக் கேட்காத சத்தம் ஒன்றை ஒரு கண்ணால் அனுப்பி, முன்னால் நிற்பதில் பட்டு அது திரும்பி வருவதை மறு கண்ணால் பிடிக்கும். எவ்வளவு தூரத்தில் பட்டது என்று போனில் காட்டும். அதைக் கட்டில் தலைமாட்டில், கதவைப் பார்க்க வைத்தாள். கதவைச் சாத்தினாள். இன்னொரு வயரைக் குசினிக்கு இழுத்துப் பலகையில் பூட்டினாள். கதவு வரைக்கும் இருநூற்றுப் பத்துச் சென்ரிமீற்றர். போன் திரையில் அதே எண் வரிவரியாக இறங்கியது. இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பத்து. அவளுக்கு மனம் ஆறியது. வெறும் அறை என்றால் இப்படித்தான் இருக்கும்.

அரிசி களைந்துகொண்டு நின்றபோது திரும்பிப் பார்த்தாள்.

முப்பத்தெட்டு.

அரிசிப் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கதவு சாத்தியபடியே இருந்தது. தள்ளித் திறந்தாள். அம்மா மல்லாந்து கிடந்தாள், நாடியிலிருந்து கழுத்துக்குத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை.

"சீலை ஆடினாலும் அப்பிடிக் காட்டும் தங்கச்சி," என்றார் ஜவாஹிர் நானா போனில். ஆனால் இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. கேட்டார்: "எவ்வளவு நேரம் அப்பிடி நிண்டது?"

போனில் பழைய வரிகளைப் பின்னோக்கித் தள்ளினாள். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. தள்ளத் தள்ள முடிவதாயில்லை. அரிசி எடுக்கப் போனதுக்கும் முதல். அடுப்பு மூட்டினதுக்கும் முதல். அவள் அறையைவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்திலிருந்தே.

"நானா, இஞ்ச வரேலுமோ?"

"கடையைப் பூட்டிட்டு வாறன். அம்மாவோட இருங்க. விட்டிட்டுப் போகாதீங்க."

சன்னலை அடைத்தாள். சீலையைக் கழற்றி அலுமாரிக்குள் திணித்தாள். பலகையைக் குசினியிலேயே விட்டு, போனுக்கு மட்டும் நீளக் கேபிள் பூட்டி அறைக்குக் கொண்டுவந்தாள். கதவைச் சாத்தி, உள்ளே கொண்டி போட்டாள். கட்டிலின் அந்தப் பக்கம், சுவரோடு ஒட்டி, அளக்கிற கருவிக்குப் பின்னால் ஏறி இருந்து அம்மாவின் வலக்கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டனைத் தன் மடியில் வைத்தாள்.

மைமல் இறங்கியது. சாத்திய சன்னல் இடுக்கால் வந்த கடைசி வெளிச்சம் தரையில் ஒரு கோடாகக் கிடந்து, மெலிந்து, சாம்பலாகி, எங்கே போனதென்று தெரியாமல் போனது. தூரத்தில் கோவில் மணி. ஒரு கழுதை எங்கோ கத்தத் தொடங்கி நடுவிலேயே நிறுத்தியது. தகரம் தட்டியது, பனை உரசியது, பிறகு அந்தக் காற்று, கிழமைக்கணக்காக ஒரு நிமிடமும் ஓயாத அந்தக் காற்று, நின்றுவிட்டது.

அப்படியொரு அமைதியை அவள் அந்த வீட்டில் கேட்டதில்லை. அம்மாவின் மூச்சு கேட்டது. தன் மூச்சு கேட்டது.

இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பத்து.

குசினியில் மணி அடித்தது.

மடியைப் பார்த்தாள். பட்டனில் யார் விரலும் இல்லை. மணி அடித்தது. நீளமாக. நிறுத்தாமல். பிறகு நின்றது.

"வாறன் அம்மா," என்று குசினியிலிருந்து யாரோ சொன்னார்கள்.

அது அவளுடைய குரல்.

அம்மா கண் விழித்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். அந்த முகத்தில், வாயின் ஒரு பக்கம் மட்டும், மெதுவாகச் சிரிப்பு ஏறியது.

"கோவம் போயிட்டுது," என்றாள் அம்மா. "கதைக்கிறாள்."

ஈரக்கால் சத்தம். சீமெந்தில். சப். சப். கதவடிக்கு வந்தது. நின்றது.

கொண்டி அசையவில்லை. கதவு அசையவில்லை.

இருநூற்றுப் பத்து.

நூற்று எழுபது.

கதவு சாத்தித்தான் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் அறை. வெறும் தரை. சேற்றுக்கடல் மணம் மூக்கில் ஏறியது.

நூற்று இருபது.

அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கை மெல்ல, ஒட்டிக்கொண்ட பிள்ளையிடமிருந்து விடுவித்துக்கொள்வதுபோல, அவளுடைய விரல்களைவிட்டு நழுவியது. தலையணையிலிருந்து அம்மா தலையைத் தூக்கினாள். மாசியிலிருந்து தானாகத் தூக்கமுடியாத தலை. அதற்கடியில் எதுவோ தாங்கியிருந்தது. நரைத்த மயிர் ஐந்து விரல் பதிந்ததுபோல அமுங்கியிருந்தது.

முப்பத்தெட்டு.

அம்மா வாயைத் திறந்தாள்.

அம்மா, நான் இஞ்ச இருக்கிறன் என்று கத்த டிலோஜினி வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. தொண்டை அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். காற்றுத்தான் வந்தது.

கட்டிலின் மற்றப் பக்கத்திலிருந்து, மிக அன்பாக, அவள் குரல் சொன்னது:

"குடியுங்கோ அம்மா."

வெறுங்காற்றிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கியது. அம்மா விழுங்கினாள். விழுங்கினாள். விழுங்கிக்கொண்டே இருந்தாள்.