ஒன்பதெழுத்து அட்டைகள்

இவள்தான் எடுத்திருப்பாளோ?

மற்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த நினைப்பு வந்துவிட்டது. எதிரே நின்ற பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. கையில் ஓரம் கிழிந்த வெற்று உறை. இப்படி ஒரு முகத்தைப் பார்த்தும் சந்தேகம் வருமா? வந்ததே. அச்சுப்பிழையைத் தேடித் தேடி, மனிதர்களிடமும் பிழையைத்தான் முதலில் பார்க்கப் பழகிவிட்டோமோ என்று அவளுக்குத் தன்மேலேயே கசப்பாக இருந்தது.

பிழை திருத்துவது அவள் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பிழையக்கா. உறையோடு நின்றவள் குருவி.

காலை மணி 9.05. மாதம் ஒருமுறை ஆங்கிலக் குறுக்கெழுத்துகள் வெளியிடும் பத்திரிகை அது. சுவர் முழுக்க மர அலமாரி. அதில் இருபதாயிரம் அட்டைகள். அட்டைக்கு ஓர் ஆங்கிலச் சொல், அல்லது சொற்றொடர். நான்கெழுத்துக்கு ஓர் இழுப்பறை, ஐந்தெழுத்துக்கு ஒன்று என்று பதினைந்து வரை. எண் இழுப்பறையின் முகப்பில்தான் இருக்கும், அட்டையில் இருக்காது. உள்ளே அகரவரிசை. எல்லாம் குருவியின் பொறுப்பு.

இந்த ஆண்டுப் போட்டிக்கு விடைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்து, எங்காவது ஓர் ‘ஆர்’, கடைசியில் ‘டி’. முதல் பரிசு ஸ்கூட்டர். நேற்று மாலை 6.10க்குக் குருவி அந்தப் பன்னிரண்டு அட்டைகளையும் உருவி உறையில் போட்டு ஒட்டித் தன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இன்று உறை காலி.

முதலாளி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெளியாள் யாரும் வரலை. பூட்டு பூட்டினபடி இருந்துச்சு. பன்னெண்டு மணிக்குள்ள கிடைக்கலைன்னா, நீ நாளையிலேருந்து வர வேண்டாம்மா.”

அடுத்த மாதம் குருவியின் வேலை நிரந்தரமாக வேண்டியது. அதை நம்பித்தான் அம்மாவையும் தங்கையையும் கூட்டிவர வீடு பார்த்து வைத்திருந்தாள். அழாமல் நின்றாள். அழுதிருந்தால் பிழையக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் விசாரிக்கட்டுங்களா?” என்றாள் பிழையக்கா.

9.30. சந்தா சார். சந்தாதாரர் முகவரிகளைப் பார்த்துக்கொள்பவர்.

“நேத்து எப்ப கிளம்பினீங்க?”

“ஆறே முக்கால்.”

“தனியா இருந்தீங்களா?”

“துணைக்கு நாலாயிரம் முகவரி இருந்துச்சு. என்னைப் போய் சந்தேகப்படறியே அக்கா! எனக்கு ஸ்கூட்டர் எதுக்கு? சைக்கிள்லயே ரெண்டு தடவை விழுந்தவன்.”

9.50. பக்கங்களை வடிவமைப்பவர், முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி ‘மச்சான்’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊரே அவரை மச்சான் சார் ஆக்கிவிட்டது. கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“காலைல எப்ப வந்தீங்க?”

“எட்டேகால். குருவி எட்டரைக்கு வந்தா. இந்தத் தலைப்பு இருபது எழுத்தைத் தாண்டக் கூடாது அக்கா, இருபத்தொண்ணு இருக்கு. எதையாவது வெட்டுங்க.”

நான்கு சொல் தலைப்பு. அவள் எண்ணிப் பார்த்தாள்; பதினெட்டுதான் வந்தது. மச்சானோடு இந்தத் தகராறு மாதாமாதம் உண்டு. இன்று அதற்கு நேரமில்லை.

“கால் மணி நேரம் தனியா இருந்தீங்க.”

“எண்ணி வச்சுக்கோங்க. மாட்டினா உதவும்.” சிரித்தார்.

10.30. ஒன்பதாம் இழுப்பறையை எதற்கோ திறந்த குருவி கத்திவிட்டாள். எடுத்துவைத்த அட்டைகளில் ஒன்பது, திரும்பவும் தங்கள் இடத்திலேயே இருந்தன. அக்ரிமென்ட், அபார்ட்மென்ட், ட்ரீட்மென்ட்... அகரவரிசை பிசகவில்லை. மூன்றை மட்டும் காணோம்.

“அலமாரி தெரிஞ்ச கைதான்,” என்றார் முதலாளி. “வேற யாருக்கு இவ்வளவு சரியா வைக்க வரும்?”

பிழையக்கா குருவியைத் தனியே கூப்பிட்டாள்.

“காணாம போன மூணும் எது?”

“ரெட் கார்பெட். ஹை கோர்ட். ஃப்ளவர் பாட்.” அவளே தொடர்ந்தாள். “அக்கா, நீங்களாவது என்னை நம்பறீங்களா?”

‘நம்பறேன்’ என்று உடனே சொல்லியிருக்கலாம். 9.05 மணியின் நினைப்பு விடவில்லை. “கண்டுபிடிக்கிறேன்,” என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னலோரம் போய் நின்றாள். திருடினவன் ஏன் அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும்? விடையை எழுதிக்கொண்டவனுக்கு அட்டை தேவையில்லை. உறையை மறுபடி ஒட்ட நேரம் கிடைத்திருக்காது. யாரோ வரும் சத்தம். கையிலிருக்கும் அட்டைகளை ஒளிக்க இருபதாயிரம் அட்டைகளைவிட நல்ல இடம் ஏது? பன்னிரண்டும் இழுப்பறையிலேயே கிடைத்தால், குருவி அவற்றை எடுக்கவே இல்லை, வெறும் உறையை ஒட்டிவிட்டாள் என்றாகிவிடும். அப்படியானால் அந்த மூன்றும் வெளியே போகவில்லை. திருடன் அவற்றையும் சரியாகத்தான் வைத்திருக்கிறான். தனக்குச் சரியென்று பட்ட இடத்தில்.

11.15. சந்தா சாரின் மேசை.

“சார், பஸ் டிக்கெட்னு இங்கிலீஷ்ல எழுதினா எத்தனை எழுத்து?”

அவர் விரல் விட்டு எண்ணினார். “ஒன்பது. ஏன், ஊருக்குப் போறியா?”

குருவியைக் கேட்டாள். விரலே அசையவில்லை. “ஒன்பது. ஆனா அதுல ஆர் இல்லையே அக்கா, போட்டிக்கு ஆகாது.” வேலை போகிற நேரத்திலும் இதுதான் அவளுக்குக் கவலை. பிழையக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

மச்சான் சார் திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். “பத்து.”

பிழையக்கா அலமாரிக்குப் போனாள். பத்தாம் இழுப்பறையை இழுத்தாள். ஃப்ளவர் பாட், ஹை கோர்ட், ரெட் கார்பெட். மூன்றும் அகரவரிசையில், ஒழுங்காக.

11.30. எல்லோரும் கூடினார்கள்.

“குறுக்கெழுத்துல இடைவெளிக்குக் கட்டம் கிடையாது,” என்றாள் பிழையக்கா. “அதனால ரெட் கார்பெட் குருவிக்கு எப்பவும் ஒன்பதுதான். தூக்கத்துல கேட்டாலும் ஒன்பதுதான் சொல்வா. பக்கம் வடிவமைக்கிறவருக்கு அப்படியில்லை. வெற்றிடமும் வரியில இடம் அடைக்குது, அதையும் சேர்த்துத்தான் எண்ணணும். ஒத்தைச் சொல் ஒன்பதும் அவர் எண்ணினபடியே ஒன்பதாம் அறைக்குப் போச்சு. இடைவெளி உள்ள மூணு மட்டும் பத்துக்குப் போச்சு. மச்சான் சார், காலைல வாசல்ல குருவி செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டுச்சு, இல்லையா?”

மச்சான் சார் சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். பன்னிரண்டு விடைகள்.

“பக்கத்து வீட்டுக்காரர் பேருல அனுப்பலாம்னு இருந்தேன்,” என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, குருவியின் பக்கம் திரும்பினார். “உன் தலையில விழும்னு நான் நினைக்கவே இல்லம்மா.”

“நினைச்சிருக்கலாம் சார்,” என்றாள் குருவி. அவ்வளவுதான். அலமாரிப் பக்கம் போய்விட்டாள்.

12.10. முதலாளி பிழையக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முன்னால் தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

“குருவி வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நிரந்தரம்தான். இப்பவே கையெழுத்துப் போட்டுட்டேன், பாரு.” உண்மையாகவே போட்டிருந்தார். “புது விடைகள் தேடணும். இதழ் ரெண்டு நாள் தள்ளிப்போகுதுன்னு வாசகர்களுக்கு ஒரு அறிவிப்பு எழுதணும். காரணம் கேப்பாங்க. ‘அட்டைப் பிரிவில் நேர்ந்த கவனக்குறைவால்’னு ஒரு வரி போட்டுடும்மா. பேரா போடறோம்? மச்சான் விஷயம் வெளியே போனா, வீட்டுல நான் தலை காட்ட முடியாது.”

கதவுக்கு வெளியே இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம். “நல்லதா பன்னெண்டு வார்த்தை சொல்லுங்க சார், வேற கடைசி எழுத்து வச்சு,” என்று குருவி கேட்பதும், “எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே மொத்தம் பன்னெண்டு சொல்தான்,” என்று சந்தா சார் சொல்வதும் கேட்டது. குருவி சிரித்தாள். அந்த அலமாரிக்கு அட்டைப் பிரிவு என்று ஒரு பெயர் இருப்பதும், அதில் ஒரே ஓர் ஆள்தான் என்பதும், அச்சில் அந்த வரியை முதலில் படிக்கப்போவது அவள்தான் என்பதும் பிழையக்காவுக்குத் தெரியும். காலையில் தன் மனம் எழுதிய வரியும் கிட்டத்தட்ட இதேதான். அதை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேனாவை எடுத்தாள். இதழ் தாமதமாவதை எழுதினாள். வருந்துகிறோம் என்று எழுதினாள். புதிய தேதியை எழுதினாள். பேனாவை மூடி, தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அந்த ஒரு வரி?” என்றார் முதலாளி.

“அதை நான் எழுத மாட்டேங்க,” என்றாள்.