காற்றை நிறுத்திய பிறகும்

மாஸ்டர் இன்னும் ஆர்கன் முன் வந்து அமரவேயில்லை. ஆயினும் உள்ளே ஒரு குழல் ஒலித்துக்கொண்டிருந்தது.

பழைய தேவாலயத்தின் முன்சுவரை அடைத்து நிற்கும் அந்த ஆர்கனின் வயிற்றுக்குள், ஆயிரத்துச் சொச்சம் குழல்களுக்கு நடுவே, கைவிளக்குடன் நின்றிருந்தாள் அதைப் பழுதுபார்ப்பவள். தூசி சிக்கினால் குழல் தானாகப் பாடுவதும், துளையிலிருந்து தூக்கிவிட்டால் வாயை மூடிக்கொள்வதும் அவள் அன்றாடம் காண்பவை. தூக்கினாள். ஒலி நிற்கவில்லை. குழல் அவள் கையில் குளிர்ந்து கிடந்தது. வெறும் துளையின்மேல் வைத்த உள்ளங்கையில் துளிக் காற்றும் படவில்லை. மரமும் மெழுகும் கலந்த வாசனைக்கு அடியில், யாரோ நெடுநாள் பேசாதிருந்துவிட்டு வாய் திறந்தாற்போல ஒரு வெதுவெதுப்பு முகத்தில் மோதியது.

"ஏம்மா, என்னது முனகல்? ஆர்கனுக்கு வயித்து வலியா?" மாஸ்டர் பக்கவாட்டுச் சிறுகதவில் தலையை நீட்டினார். கறுப்புக் கோட்டு, படிய வாரிய தலை. இன்று மாலை ஆர்கன் வாசிக்கப்போகிறவர் அவர்தான்.

"பாத்துட்டு இருக்கேன் மாஸ்டர். நீங்க அதைச் சொல்லிருவீங்கல்ல?"

"எதை?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் தம்பியப் பத்தி."

"அட, மறப்பேனா? மைக்கப் பிடிச்சதும் முதல் வேலை அதுதான். நீ மூஞ்சிய அப்படி வச்சுக்காத, குழலெல்லாம் சுருதி இறங்கிடும்."

சென்ற ஆண்டு, இதே குழல் அறையில், குழல்களுக்கு மேலே நின்று வேலை செய்யும் மேல்நடைப் பலகை முறிந்து அவள் தம்பி விழுந்து இறந்தான். பலகை உளுத்துவிட்டது என்று ஒரு மாதம் முன்னரே அவள் கடிதம் கொடுத்திருந்தாள். நிகழ்ச்சி முடியட்டும் என்றார் சபைச் செயலர். அதுவும் சரிதான் என்றார் மாஸ்டர். அவன் இறந்த பிறகு இருவரும் 'வேலையாளின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டனர். 'பலகை உளுத்திருந்தது, தவறு எங்களுடையது.' இந்த ஒரு வாக்கியத்தை எல்லார் முன்பாகவும் சொல்வதாக மாஸ்டர் வாக்களித்ததால்தான் அவள் மறுபடி இங்கே கால் வைத்தாள்.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மரச்சட்டங்களின் இடுக்கில் கண்ணை வைத்தாள். அரங்கு நிரம்பியிருந்தது. மாஸ்டர் செயலருக்கு நன்றி சொன்னார். நாற்காலி போட்டவருக்கும், பூ அடுக்கியவருக்கும், மழை பெய்யாமலிருந்த வானத்துக்கும்கூடச் சொன்னார். கூட்டம் சிரித்தது. "போன வருஷம் ஒரு கவனக்குறைவால நமக்கு ஒரு சின்ன தடங்கல். இந்த வருஷம் அப்படி ஒண்ணும் இல்ல." கைதட்டல். முன்வரிசையில் செயலர்தான் எல்லாருக்கும் முன்னதாகத் தட்டினார்.

சின்ன தடங்கல். அவனைத் தூக்கியபோது உடைந்த பலகையின் உளுத்த மாவு அவன் முடியெங்கும் அப்பியிருந்ததை, வீட்டுக்குக் கொண்டுவந்து அவளே ஈரத்துணியால் துடைத்ததை, இந்தக் கைதட்டலுக்குள் எங்கே வைப்பது?

மாஸ்டரின் விரல்கள் கட்டைகளில் இறங்கின. அறை முழுவதும் இடியாய் அதிர்ந்தது. அத்தனை ஓசைக்கும் அடியில், அந்த ஒற்றைச் சுரம் தளராமல் நின்றது. முன்பைவிடச் சற்று நெருக்கத்தில்.

வாசிக்கவா போகிறாய்? வாசி பார்க்கலாம்.

காற்று மோட்டாரை நிறுத்தினாள்.

இசை, நாய் ஊளையிடுவதுபோல இழுத்துக்கொண்டு செத்தது. துருத்திகள் பெருமூச்சுடன் மடிந்தன. அரங்கில் ஒரு முணுமுணுப்பு. பிறகு அதுவுமில்லை.

சுரம் மட்டும் இருந்தது.

"அடுத்தது, அக்கா."

மேல்நடையிலிருந்து வந்தது குரல். சுருதி சேர்க்கும் நாள்களில் அவள் வெளியே அமர்ந்து கட்டையை அழுத்துவாள். தம்பி மேலே குழலைத் திருத்திவிட்டு இப்படித்தான் சொல்வான், அவள் அடுத்த கட்டைக்கு நகர்வாள். விளக்கை உயர்த்த அவள் கை வரவில்லை. புதுப்பலகை மெல்லக் கிறீச்சிட்டது. ஓர் அடி. இன்னோர் அடி.

"நான் எதையும் அழுத்தலடா," என்றாள்.

"அடுத்தது."

சுரம் இடம் மாறியது. இப்போது வெளியிலிருந்து.

இடுக்கில் பார்த்தாள். மாஸ்டரின் கைகள் மடியில் கிடந்தன. வாய் திறந்திருந்தது. தாடை இறங்கும் மட்டும் இறங்கி, அதற்கும் கீழே இறங்கியிருந்தது. ஒலி அதிலிருந்து வந்தது. ஒரே சுரம். பிசிறில்லாமல்.

"சொல்லுங்க மாஸ்டர்," என்று அவள் கதறினாள். "இப்பவாவது சொல்லுங்க."

அவர் கண்கள் அவள் பக்கம் உருண்டன. உதடு அசைய முயன்றது. முடியவில்லை.

"அடுத்தது."

செயலரின் வாய் திறந்தது. அரைச்சுரம் மேலே.

"அடுத்தது."

அவருக்குப் பக்கத்து நாற்காலி. அதற்கும் பக்கத்தது. பிறகு இரண்டாம் வரிசை. யாரும் எழவில்லை. யாரும் திரும்பவில்லை. அத்தனை பேருடைய நெஞ்சும் காற்றை விட்டு உள்ளே ஒடுங்கிக்கொண்டே போனது. ஒன்றுகூட மூச்சுக்காக மீண்டும் உயரவில்லை.