அரசன் பக்கம் சாய்ந்த கணினி

அலுவலகத்துக்குள் நுழைந்த அஷ்வின் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ புள்ள பெத்ததுக்கு என்னை நாட்டை விட்டே துரத்தப் பாக்கறாங்க சார்!" என்று கத்திவிட்டு நாற்காலியில் தொப்பென்று விழுந்தான்.

2003 மார்ச். ஜெர்மனியின் எசன் நகரில் ஸ்ரீஸ்கந்தராஜா நடத்திய மொழிபெயர்ப்பு அலுவலகம் அது. பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் என்று இருபது வருடமாக மனிதர் தேதிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தார். எது பிழை, எது புளுகு என்று கண்டுபிடிப்பதில் பேர் வாங்கிவிட்டார். அதனால் ஊரில் உள்ள வில்லங்கமெல்லாம் அவர் வாசலுக்குத்தான் வந்தது. அவருடைய உதவியாளர் சரளா அதற்குள் குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

"முதல்ல தண்ணியைக் குடியுங்கோ தம்பி. பிறகு ஆரம்பத்திலயிருந்து சொல்லுங்கோ."

அஷ்வின் கணினிப் பொறியாளன். பான் நகர் அருகே ஃபால்கன்ரீட் என்ற பிரபு குடும்பத்தின் பழைய கடிதங்களை இணையத்தில் ஏற்றுவது அவன் வேலை. அந்தக் குடும்பத்துப் பெண் மெக்டில்ட் இங்கிலாந்துப் பிரபு ஒருவனை மணந்தாள். அவன் செத்ததும், மகனுக்குச் சேர வேண்டிய நிலத்தை ஆங்கில அரசன் பிடுங்கிக்கொண்டான். குடும்பம் வழக்காடிப் பார்த்துத் தோற்றது.

"இன்னிக்கும் என் முதலாளி பிரபு காபி குடிக்கறப்பெல்லாம் அந்த ராஜாவைத் திட்டுவார் சார். நேத்து என் ப்ரோக்ராம் போட்ட பட்டியலைப் பார்த்தார். மகன் பிறந்தது 1297 பிப்ரவரி. கல்யாணம் 1297 மே. கல்யாணத்துக்கு முன்னாடியே பிறந்த குழந்தைக்கு அந்தக் கால இங்கிலாந்துச் சட்டத்துல சொத்தே கிடையாதாம். ராஜா செஞ்சது நியாயம்னு ஆயிடுச்சு!"

"ஐயோ!" என்றாள் சரளா, உற்சாகத்தை மறைக்க முடியாமல்.

"நான் வேணும்னே மாத்திட்டேன்னு சொல்றார். மாசக் கடைசியோட வேலை போச்சு. வேலை போனா இங்கே தங்கறதுக்கான ஜெர்மன் க்ரீன் கார்டும் போச்சு. மீராவுக்கு எட்டாம் மாசம் சார். இந்த நிலைமையில அவளை எங்கே கூட்டிட்டுப் போவேன்?"

"திகதியளை எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

அஷ்வின் ஒரு தாளை நீட்டினான். குடும்பத்தின் வரலாற்று அறிஞர் டாக்டர் ப்ரூன்ஸ் தன் கையால் எண் போட்டு எழுதியது. ஒன்று: கல்யாணம், மே 1297. இரண்டு: மெக்டில்ட் தந்தைக்கு எழுதிய கடிதம், செப்டம்பர் 1297, 'முதல் பிள்ளையைச் சுமக்கிறேன்.' மூன்று: மகன் பிறப்பு, பிப்ரவரி 1297.

"வரிசை கலைஞ்சு கிடக்குன்னு நினைச்சேன். அசல் எல்லாம் ஒரு அலமாரியில. இருபது வருஷமா சாவி அவர்கிட்டதான். 'தேதி வாரியா அடுக்கட்டுமா?'ன்னு மெயில்ல கேட்டேன். 'தாராளமாக'ன்னு பதில் போட்டார். இதோ பாருங்க."

"கிழவன் கை தவறி எழுதிப்போட்டான் அண்ணை. 1298 எண்டு இருக்க வேணும்! முடிஞ்சுது அலுவல்," என்றாள் சரளா.

"அசல்லயே 1297தான் மேடம். ஸ்கேன்ல நானே பார்த்தேன்."

சரளாவின் முகம் சுண்டிப்போனது. ஸ்ரீஸ்கந்தராஜா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "சரளா, வைகாசியில கலியாணம். மாசியில பிள்ளை. ரெண்டும் ஒரே வருஷம். எங்கட பஞ்சாங்கத்தில எது முந்தி வரும்?"

"வைகாசிதானே. வருஷம் சித்திரையில..." அவள் பேனா நின்றது. "அண்ணை!"

"ஓம். கோட்டை எடுத்து மாட்டும், பானுக்குப் போவம்."

வழியில் மூவரும் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டி உறுதி செய்துகொண்டார்கள். மாளிகைக் கூடத்தில் பிரபு நின்றுகொண்டு கத்தினார்; டாக்டர் ப்ரூன்ஸ் உட்கார்ந்துகொண்டு பெருமூச்சு விட்டார். இருவரும் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, ஸ்ரீஸ்கந்தராஜா நிதானமான ஜெர்மனில் பேசினார்.

"மெக்டில்ட் வாழ்ந்தது இங்கிலாந்தில். அந்தக் காலத்தில் அங்கே வருடம் பிறந்தது மார்ச் இருபத்தைந்தாம் தேதி. பிப்ரவரி, வருடத்தின் கடைசியில்தான் வரும். மே மாதம் கல்யாணம், செப்டம்பரில் கர்ப்பம், கல்யாணமாகி ஒன்பது மாதத்தில், பிப்ரவரியில் பிள்ளை. நம் கணக்கில் அது 1298. கணினி ஜனவரியிலிருந்து எண்ணிவிட்டது, அவ்வளவுதான்."

"எனக்கு வயதாகிவிட்டது," என்றார் டாக்டர். "இதையெல்லாம் மறந்திருப்பேன்."

"மறந்தவர் மே, செப்டம்பர், பிப்ரவரி என்று எண் போட்டிருக்க மாட்டார். வரிசை தெரிந்துதான் போட்டிருக்கிறீர்கள். பிறகு இவர் அடுக்கட்டுமா என்று கேட்டபோது ஏன் 'தாராளமாக' என்றீர்கள்? பிரபு கொதிப்பார், இவர் போவார், இணையதளமும் போகும். கடிதம் பார்க்க வருகிறவர்கள் பழையபடி உங்களிடம் வந்து கெஞ்ச வேண்டும்."

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இருபது வருடம் நான் காத்த கடிதங்கள்! நேற்று வந்தவன் அதை ஊருக்கெல்லாம் திறந்துவிடுவதா?"

பிரபுவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. "அப்படியானால் அந்த அரசன் திருடன்தானே?"

"திருடன்தான்."

"அப்பாடா!" பிரபு ஸ்ரீஸ்கந்தராஜாவின் கையைக் குலுக்கினார். சரளாவின் கையையும் குலுக்கினார். அஷ்வினைத் தாண்டி, காபி கொண்டுவரச் சொல்லக் கிளம்பினார்.

அதுவரை குரல் உயர்த்தாத ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நில்லுங்கள்! எழுநூறு வருடத்துக்கு முன் உங்களுக்கு நடந்த அநியாயம் ஞாபகம் இருக்கிறது. நேற்று நீங்கள் செய்த அநியாயம் ஞாபகம் இல்லையா? இவர் மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி."

பிரபு திரும்பினார். காது மடல்கள் சிவந்துவிட்டன. அஷ்வினிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். வேலை தொடர்கிறது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அஷ்வின் வாசலுக்கு ஓடி வந்து செல்பேசியைக் காதில் வைத்தான். "மீரா, கட்டி வச்ச பெட்டியெல்லாம் பிரிச்சுடு. நாம எங்கயும் போகல... ஐயோ, வேண்டாம், வேண்டாம், நீ குனியாதே. நான் வந்து பிரிக்கறேன்."