வெளியூர்ப் பதிப்பு

நாளிதழ் அலுவலகத்தின் பின்பக்கம், முன்பு காகித உருளைகளை அடுக்கி வைத்திருந்த அறையில்தான் அவளுக்கு வேலை. காலையில் கதவைத் திறந்தால் பழைய மையும் ஈரக் காகிதமும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கும். கணவன் இறந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவளுக்கு அந்த அறை பிடித்துப்போயிருந்தது. அங்கே யாரும் எட்டிப் பார்த்து, எப்படி இருக்கே என்று கேட்பதில்லை.

வேலை இதுதான். அந்த நாளிதழின் பழைய இதழ்களை, ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருந்த இடத்திலிருந்தே தேடிப் படிக்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும். தினமும் இரண்டு பதிப்புகள் அச்சாகும். தூரத்து ஊர்களுக்கு லாரியில் போகிற வெளியூர்ப் பதிப்பு சீக்கிரமே முடிந்துவிடும். நகரப் பதிப்பு தாமதமாக அச்சுக்குப் போவதால் கடைசிச் செய்திவரை அதில் இருக்கும். ஆகவே காப்பகத்துக்கு நகரப் பதிப்பு மட்டும் போதும் என்று முடிவு. அதைத் தேர்ந்து ஏற்றுவது அவள் பொறுப்பு.

ஒரே ஒரு நாளுக்கு மட்டும் அவள் வெளியூர்ப் பதிப்பை ஏற்றினாள்.

அன்றைய நகரப் பதிப்பில், பாலத்தில் பேருந்து கவிழ்ந்து காயமடைந்த மின் ஊழியர் சிகிச்சை பலனின்றி இறந்தார் என்று இருந்தது. அந்த மின் ஊழியர் அவள் கணவன். வெளியூர்ப் பதிப்பு அச்சுக்குப் போன நேரத்தில் அவன் இறந்திருக்கவில்லை. மருத்துவமனையில் உயிருக்குப் போராடி வருகிறார் என்று அதில் போட்டிருந்தார்கள். அவள் அழவில்லை, பெரிதாக யோசிக்கவும் இல்லை. மற்ற நாட்களின் பக்கங்களைப் போலவே அதையும் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

காப்பகம் திறந்த அன்று அலுவலகமே கலகலப்பாக இருந்தது. தளத்தை உருவாக்கிய கணினிக்காரத் தம்பி அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க. உங்க முகத்தப் பாத்தா தளம் படுத்துடுச்சோன்னு எனக்கு வயித்தக் கலக்குது."

அவனுக்காகச் சிரித்து வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தபோது விளக்கு போடாமல் மாமியார் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கணவனும் மனைவியுமாக இருந்த அறை, அவன் போன நாள் முதல் சாத்தியே கிடந்தது. மாமியாரும் மருமகளும் கூடத்தில்தான் படுப்பார்கள்.

"உள்ள யாரும்மா இருக்காங்க?" மாமியார் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

அவள் கதவில் காதை வைத்தாள்.

மூச்சு.

இழுத்து, அப்படியே நின்று, இனி வராது என்று நினைக்கும்போது கரகரவென்று வெளியேறும் மூச்சு. மருத்துவமனையில் அவன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்ட அதே மூச்சு.

கதவைத் திறந்தாள். மருந்து நெடி. கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தலையணைக்கு மேலே கையை நீட்டினாள்.

வெதுவெதுப்பாகப் பட்டது.

அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மருத்துவமனையில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேலை முடிந்ததும் வந்து உட்கார்ந்தாள். மூச்சு தேறவும் இல்லை, அடங்கவும் இல்லை. அவள் ஏற்றிய வெளியூர்ப் பதிப்பின் வரியில் அச்சடித்திருந்தபடியே போராடிக்கொண்டிருந்தது. அது அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்தும் சும்மா இருந்தாள். அவன் இல்லாத வீட்டுக்கு இது மேல் என்று மனம் சமாதானம் சொன்னது.

சாலை விபத்துகளைப் பற்றி ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார்.

"அந்த ஒரு தேதிக்கு மட்டும் வெளியூர்ப் பதிப்பு இருக்குதும்மா. என் கணக்குல ஒரு சாவு குறையுது. கொஞ்சம் சரிபண்ணிடுறீங்களா?"

"பாக்கறேன் சார்," என்று வைத்துவிட்டாள். பார்க்கவில்லை.

மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் மருமகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி கேக்கறான். கொண்டு வந்தா யாருக்கும்மா குடுக்கறது? பெத்தவ சொல்றேன், அவன் போகட்டும். யாரோ அவனப் போகவிடாமப் புடிச்சு வச்சிருக்காங்க. நல்லா இருப்பாங்களா அவங்க?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை அந்தத் தேதியைத் திறந்தாள். வெளியூர்ப் பதிப்பை எடுத்துவிட்டு நகரப் பதிப்பைப் போட வேண்டும், அவ்வளவுதான். கை வரவில்லை. தன் கையாலேயே அவனைச் சாகடிப்பது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்தினாள். அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அறையில் சத்தமில்லை. மருந்து நெடி இல்லை. கூடத்தில் மாமியார் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் போனதிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வலித்தது. வலிப்பது நன்றாகவும் இருந்தது.

ஃபோன் அடித்தது. கணினிக்காரத் தம்பி.

"அக்கா, நல்ல சேதி. நம்ம காப்பகத்த எங்கெங்கேயோ இருக்கற பல்கலைக்கழகமெல்லாம் மொத்தமாப் பிரதி எடுத்து அவங்கவங்க கணினியில வச்சிருக்காங்களாம். போன வாரமே எடுத்துட்டாங்க, இப்பத்தான் எல்லாரும் படிக்கறமாதிரி திறந்து விட்டிருக்காங்க. இனிமே இந்தக் கட்டடமே இடிஞ்சாலும் எதுவும் அழியாது."

"இன்னைக்கு நான் ஒரு பக்கத்த மாத்தினேனே?"

"அது நம்மகிட்ட மட்டும்தான் மாறும். அவங்ககிட்ட பழசு அப்படியே இருக்கும். அத நாம தொட முடியாது. ஏங்க்கா?"

அவள் ஃபோனை வைத்தாள்.

சமையலறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அது வெளியேறும் முன் குளியலறையில் இன்னொன்று. அப்புறம் மாடிப்படிக்குக் கீழே. வாசல் கதவுக்கு அந்தப்பக்கம். ஒன்றோடு ஒன்று சேராமல், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திணறிக்கொண்டிருந்தது.

மாமியார் கண் விழித்தாள். மெல்லத் தலையைத் திருப்பித் திருப்பிக் காது கொடுத்தாள்.

"எங்கெல்லாம்மா கூப்பிடறான்?"

அவள் அறைக்குள் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கே போட்டு உட்காருவது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றாள்.