உள்பக்கம் திறக்கும் கதவு

கதவைத் தள்ளினாள். திறந்தது. திறந்திருக்கக் கூடாது.

சாய்தளத்தின் உச்சியில், சாரல் படாத கூரைக்கடியில், மகளின் சக்கர நாற்காலிக்கு பிரேக் போட்டுவிட்டு, பகலெல்லாம் வேறொரு கட்டடத்தில் மேஸ்திரியோடு கத்திக் கரகரத்த தொண்டையும் வீங்கிய பாதங்களுமாக அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தின் நடைவழிக் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். தீயோ புகையோ என்றால் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஓடிவருவார்கள்; முதலில் வரும் பிள்ளை மோதினாலே திறந்துகொள்ள வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவென்றால் அந்தப் பிள்ளை ஓர் எட்டு பின்னால் வைத்து இழுக்க வேண்டும். பின்னால் நெருக்கும் கூட்டம் அந்த ஓர் எட்டை விடாது. கட்டட வடிவமைப்பாளராக இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது.

இதோடு மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் தச்சர் கீல்களைக் கழற்றி மாற்றிப் பூட்டினார். ஒவ்வொரு தடவையும் மறுநாள் கதவு பழையபடி உள்ளே திறந்தது. அவரைப் போனில் பிடித்தாள்.

"நேத்தே முடிச்சிட்டேன்னு சொன்னீங்களே."

"முடிச்சேன் மேடம். வெளியில நின்னு இழுத்துத் திறந்து பாத்துட்டுத்தான் கிளம்பினேன்."

"இப்ப உள்ள திறக்குது."

"பக்கத்துலதான் இருக்கேன், வந்துடறேன். நீங்க வெளியவே இருங்களேன் மேடம்."

பெயின்ட் ஈரமாக இருப்பதால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"அம்மா, நாளைக்கு யாரும் என்னைத் தூக்க வேண்டாம்ல?" என்றாள் மகள்.

"வேண்டாம்டா. நீயே போலாம்."

போன பள்ளிக்கூடத்தில் வாசற்படி ஏற்ற தினமும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. மூட்டை மாதிரி தூக்குறாங்கம்மா என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, அப்புறம் அதைப் பற்றி மகள் பேசவே இல்லை. அன்றைக்கு முடிவு செய்ததுதான், இந்தப் பழைய பள்ளிக் கட்டடத்தைச் சீர்செய்யும் வேலையை வலியப் போய் வாங்கிக்கொண்டது. நாளை திறப்பு. இந்தக் கதவு ஒன்றுதான் பாக்கி.

கீல்களைப் பார்க்க உள்ளே போனாள். கதவு தானாக அவள் பின்னால் மூடிக்கொண்டது.

விளக்கைப் போட்டதும் நடைவழி நெடுகத் தெரிந்தது. வேலைக்காக மாதக்கணக்கில் மூடிக்கிடந்த இடத்தில், புதுப் பெயின்டையும் வார்னிஷையும் மீறி, ஓடியாடிவிட்டு வந்த பிள்ளைகளின் வேர்வையும் நனைந்த காலுறையும் கலந்த வாடை, யாரோ இப்போதுதான் வகுப்பு விட்டதுபோல் கனமாக நின்றது. சுவரில் இரண்டு கைப்பிடிகள், பெரியவர்களுக்கு மேலே ஒன்று, சிறியவர்களுக்குக் கீழே ஒன்று. மேலே இருந்தது சில்லென்றிருந்தது. கீழே இருந்தது வெதுவெதுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கீல்களைப் பார்த்தாள். தச்சர் பொய் சொல்லவில்லை. பழைய திருகாணித் துளைகளை அவர் அடைத்துத் தேய்த்த தடம் நிலைச்சட்டத்தில் தெளிவாக இருந்தது. கீல்கள் மட்டும் அந்தத் துளைகளின் மேலேயே மறுபடி உட்கார்ந்திருந்தன. பெயின்டில் ஒரு கீறல் இல்லை.

நடைவழியின் கோடியில் ஏதோ சரசரத்தது. திரும்பினாள். ஒன்றுமில்லை. வெறும் தரை, வெளிச்சம்.

சரசரப்பு நெருங்கியது. சின்னச் சின்னக் காலடிகள். நடை இல்லை, ஓட்டம்.

வெளியே போய்விட வேண்டும். கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு திறக்க ஓர் எட்டு பின்னால் வைக்க வேண்டும்.

வைக்க முடியவில்லை.

இடுப்பில் ஏதோ மோதியது. சூடாக. அப்புறம் இன்னொன்று. முழங்காலுக்குப் பின்னால். முதுகுக்குக் கீழே. அவள் நெஞ்சு கதவோடு அழுந்தியது. குனிந்து பார்த்தாள். யாருமில்லை. புடவை மட்டும் நசுங்கியிருந்தது.

கதவில் தாழ்வாக ஒரு கண்ணாடி உண்டு, நாற்காலியில் வரும் மகளின் கண்ணுக்கு எட்டும்படி அவளே வைத்தது. அதில் வெண்மையாக ஒரு மூச்சு வட்டம் படிந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் முகம். சிரித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நானே திறந்துக்கறேன்."

வேண்டாம். சொல்ல மூச்சில்லை.

அழுத்தம் சட்டென்று விலகியது. அவள் பக்கச் சுவரில் போய் விழுந்தாள். கதவு சுலபமாக உள்ளே திறந்தது. நாற்காலி உருண்டு வந்தது.

"வழி விட்டாங்கம்மா," என்றாள் மகள்.

கதவு மூடிக்கொண்டது.

நாற்காலி தானாகத் திரும்பியது. கதவைப் பார்த்து. மகளின் முழங்கால்கள் பலகையில் முட்டின.

"அம்மா. தள்றாங்க."

கை நீட்டினாள். எட்டவில்லை. நடுவில் இடமே இல்லை. சுவர்க் கைப்பிடி அவள் விலாவில் இறங்கியது. மகளின் தலை முன்னால் சாய்ந்தது. கன்னம் கண்ணாடியில் ஒட்டியது.

வெளியே சாய்தளத்தில் கனத்த காலடி. தச்சர். "மேடம்? மேடம்?" கதவு அதிர்ந்தது. தன் கையால் மாட்டிய கதவு அல்லவா, அவர் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி முழுக்க மூச்சு வட்டங்கள். நடுவில் புதிதாக ஒன்று.

அது மட்டும் சிறிதாகிக்கொண்டே வந்தது.