இரண்டு வாசல், ஒரு பிள்ளை

பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் பிள்ளையை ஒப்படைக்கும் பதிவுக்காக ஆயா நீட்டிய டேப்லெட்டில் அவன் மகளின் படத்தைத் தொட்டதும், ஒரு பச்சைக் குறி விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்தன.

"ரெண்டு தடவை தொட்டீங்களா சார்?"

"ஒரு தடவைதான்."

"இந்த ஆப்பை எந்த மகராசன் எழுதினானோ. அவன் பிள்ளைய இங்க விட்டுப் பாக்கட்டும், அப்பத் தெரியும்."

எழுதிய மகராசன் அவன்தான். அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "ஆமாமா, யாரோ" என்று ஆயாவோடு சேர்ந்து சிரித்தான். காது மடல் சுட்டது. மகள் படியிறங்கி வந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது.

கோளாறு அவனுக்குப் புதிதல்ல. முன்வாசலில் ஒரு டேப்லெட், பின்வாசலில் ஒன்று. இரண்டிலிருந்தும் வருகிற செய்திகளை நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற இரண்டு வேலையாட்கள், அதாவது இரண்டு த்ரெட்கள், வாங்கி ஒரே பதிவில் எழுதும், ஒரே சிலேட்டில் இரண்டு கைகள் எழுதுகிற மாதிரி. அவனுடைய விண்டோஸ் கணினியில் அந்த இரண்டும் பரம சாதுக்கள். ஒன்று முடித்த பிறகுதான் மற்றது தொடும். பள்ளிக்கூடத்தின் லினக்ஸ் கணினியிலோ எப்போதாவது இரண்டும் ஒரே நொடியில் உள்ளே புகுந்து, ஒரே பிள்ளையை இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிடும். வேவு பார்க்க நிரலில் ஒரு வரி சேர்த்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும், எடுத்தால் திரும்ப வரும். ஒன்று எழுதும்போது மற்றது தொடாதபடி பூட்டுப் போட்டுப் பார்த்தான். 'நீ முதலில் போ, நீ முதலில் போ' என்று இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்க, இரண்டு வாசலும் உறைந்து போயின. பெற்றோர்கள் கத்தியது அலுவலகம் வரை கேட்டது.

கடைசியில் இன்று காலை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். அவ்வப்போது பதிவுகளைச் சுற்றி வந்து, ஒரே பிள்ளை இரண்டாக இருந்தால் ஒன்றைச் சத்தமில்லாமல் அழித்துவிடும் ஒரு சின்ன நிரல். துடைப்பான் என்று பெயர் வைத்தான். மேலாளர் எல்லோர் முன்னாலும் கை தட்டினார். நிரல்களைச் சோதனை செய்கிற பெண், குருவி என்றால்தான் அலுவலகத்தில் தெரியும், அவள் மட்டும் தட்டவில்லை.

"ரெண்டுல எதை அழிக்கும் அண்ணா? எது நிஜம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கையில் சிக்கியதை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

கைதட்டல் உறுத்தியதாலோ என்னவோ சீக்கிரம் கிளம்பினான். எப்போதும் மனைவிதான் முன்வாசலில் பிள்ளையைக் கூட்டிக்கொள்வாள். 'இன்று நான்' என்று செய்தி அனுப்பியிருந்தான். அவள் அதை இன்னும் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

காரில் மகளின் மௌனம்தான் முதலில் உறைத்தது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். தூக்கத்திலும் வாய் ஓயாத பிள்ளை. இன்று பின்னிருக்கையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பென்சில் சீவல் வாசம், வியர்வை, மிச்சம் வைத்த சாப்பாடு என்று பள்ளிப் பிள்ளை ஏறினால் காருக்குள் வருகிற எந்த வாசமும் வரவில்லை. ஏசியின் இரைச்சலும் சிக்னலில் இண்டிகேட்டர் அடிக்கிற சத்தமும் மட்டும் கேட்டன. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் சிநேகிதி எப்படியிருக்கா?"

"யாருப்பா?"

பெயர் வரவில்லை. அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்றுகூட அவனுக்குத் தெரியாது. பெற்ற அப்பன் கேட்கிற கேள்வியா இது என்று கூசிப்போய் ரேடியோவைத் திருகினான்.

வீட்டுத் தெரு திரும்பும்போது குருவி அழைத்தாள்.

"அண்ணா, மறுபடி ரெட்டை விழுந்திருக்கு. முன்வாசல்ல ஒண்ணு, பின்வாசல்ல ஒண்ணு. துடைப்பான் இன்னும் சுத்தி வரல. நிறுத்திடட்டுமா? மேலாளர்கிட்டச் சொல்லிட்டு நிறுத்தணும்."

மேலாளர் முகம் நினைவுக்கு வந்தது. காலையில் தட்டிய கைகளும்.

"வேணாம். அது பாட்டுக்கு ஓடட்டும்."

வாசலில் மனைவியின் செருப்பு. பக்கத்தில் ஒரு ஜோடி சின்னக் கறுப்பு ஷூ.

அவன் குனிந்து பார்த்தான். அதே ஷூ அவன் கையைப் பிடித்திருந்தவள் காலிலும் இருந்தது.

உள்ளே வாலுவின் குரல். ஓயாமல். மனைவியின் சிரிப்பு.

கதவு திறந்தது.

"வந்துட்டீங்களா? இப்பத்தான் நாங்களும்..." மனைவி நிறுத்தினாள். அவள் கண் கீழே இறங்கியது. "ஏங்க. இது யாரு?"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு முகம் எட்டிப் பார்த்தது. அதே சீருடை. காலரில் அதே மைக்கறை.

"அப்பா," என்றார்கள் இருவரும்.

ஒரே குரல். ஒரே நேரம்.

மனைவி இந்த முகத்தைப் பார்த்தாள், அந்த முகத்தைப் பார்த்தாள். காது மடலைத் தூக்கி மச்சத்தைப் பார்த்தாள், முழங்கால் தழும்பைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் இருந்தது.

"உங்க பொண்ணு எதுன்னு சொல்லுங்க. நீங்களாவது சொல்லுங்க."

பார்த்தான். வகிடு எந்தப் பக்கம்? தெரியாது. விழுந்த பல் எது? தெரியாது. இத்தனை வருஷம் மடிக்கணினிக்கு மேலே எட்டிப் பார்த்த முகம். இரண்டு பிள்ளைகளும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் துடைப்பான் ஞாபகம் வந்தது.

ஒரு கையால் போனைத் தடவி எடுத்தான். குருவியை அழைத்தான்.

"நிறுத்தும்மா. துடைப்பானை நிறுத்து. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு, நான்தான் தப்பா எழுதினேன்னு சொல்லு."

"இப்பத்தான் ஓடி முடிஞ்சுது அண்ணா. ஒண்ணுதான் இருக்கு. சுத்தமா இருக்கு."

நிமிர்ந்தான்.

மனைவி தரையில் மண்டியிட்டு ஒரு பிள்ளையைக் கட்டிக்கொண்டு, "என் கண்ணு, என் கண்ணு" என்று அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை. பேசவும் இல்லை. காரில் உட்கார்ந்திருந்தது போலவே முதுகை நிமிர்த்தி, அம்மாவின் தோளுக்கு மேலே அவனையே பார்த்தது.

அவன் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனால் கை கனத்தது. உள்ளங்கைக்குள் ஐந்து சின்ன விரல்கள், இப்போது சூடாக, வியர்த்து, விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தன.